துளசிமணியைச் சுற்றி இருந்த இடம்

கரட்டுப்புதூரில் விசைத்தறிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், பஞ்சு பறக்காத மூலை என்று ஒன்றுகூட அந்த ஊரில் இல்லாத காலத்தில், லைன் வீடுகளில் ஒருவர் காலை நீட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் காலை மடக்க வேண்டியிருந்த காலத்தில், துளசிமணி ஜெயிலிலிருந்து திரும்பி வந்தாள். அவள் வந்த பிறகுதான் அந்த ஊருக்குக் கொஞ்சம் காலி இடம் கிடைத்தது.

அவளைக் கூட்டிவந்தவன் அவளுடைய அண்ணன் சென்னியப்பன். ஆனால் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. அங்கே துளசிமணியின் மகள் சிந்துஜா இருந்தாள். பதினான்கு வருஷமாக அவனும் அவன் மனைவி அமராவதியும்தான் அவளை வளர்த்தார்கள். காலேஜில் கடைசி வருஷம் படிக்கிற பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். வந்து போகிற ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லோரிடமும் அவளுடைய அம்மா மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொல்லி வைத்திருந்தார்கள். மஞ்சள்காமாலையில் போனவளை எந்தத் தைரியத்தில் நடுவீட்டில் உட்கார வைத்துச் சோறு போடுவது? அதனால் சென்னியப்பன் ரெண்டு தெரு தள்ளி, நாச்சிமுத்துவின் லைன் வீடுகளில் கடைசியாக, கக்கூசை ஒட்டி, யாரும் குடிவராமல் பூட்டிக் கிடந்த அறையைப் பிடித்து, ஒரு பாயும் ஒரு ஸ்டவ்வும் வாங்கி வைத்து, வாசலிலேயே நின்று சொன்னான்.

"அம்முணிக்கு ஒரு நல்லது நடக்கட்டும் துளசி. அது வரைக்கும் அந்தப் பக்கம் வந்துறாத. அதுக்கப்பறம் நானே கூட்டியாறேன்."

"தூரத்துல இருந்து பாத்துக்கறனே அண்ணா."

"தூரத்துல இருந்துகூட வேண்டாம்" என்றான். சொல்லும்போது அவன் வாசலைவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தான். தான் நகர்ந்தது அவனுக்கே தெரியாது. துளசிமணிக்குத் தெரிந்தது.

விலகுவதை அந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாயில் துளசிமணி குடத்தை வைத்ததும் முன்னால் நின்றவள் ரெண்டடி முன்னால் போனாள், பின்னால் நின்றவள் மூன்றடி பின்னால் போனாள். ரேஷன் கடையில் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் வரிசை அறுந்து ரெண்டு வரிசையாயிற்று. மளிகைக்காரர் பொட்டலத்தைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தார். டீக்கடை பெஞ்சில் அவள் உட்கார்ந்ததும் ஏற்கனவே உட்கார்ந்திருந்தவருக்கு ஏதோ வேலை ஞாபகம் வந்தது. இதெல்லாம் எந்த ஊரிலும் நடப்பதுதான். கரட்டுப்புதூரில் நடந்த வித்தியாசம் என்னவென்றால், விலகியவர்கள் தாங்கள் விலகிய இடத்தைத் தங்களோடு எடுத்துக்கொண்டு போகவில்லை, அவளிடமே விட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தி ரெண்டடி விலகினால், அவள் வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்த பிறகும் அந்த ரெண்டடி துளசிமணியின் பக்கத்திலேயே நின்றது. இன்னொருத்தி விலகிய மூன்றடி வந்து அதோடு சேர்ந்துகொண்டது. இப்படிச் சேர்ந்து சேர்ந்து, ஆடி மாசம் பிறக்கும்போது துளசிமணியைச் சுற்றி ஒரு கட்டில் நீளத்துக்கு, வட்டமாக, ஒன்றுமே இல்லாத ஓர் இடம் உண்டாகி, அவள் போகிற பக்கமெல்லாம் கூடவே போய்வந்தது.

முதலில் பஞ்சுதான் காட்டிக்கொடுத்தது. தறி ஊரில் சாயங்காலமானால் எல்லார் தலையும் நரைத்துவிடும். இருபது வயசுப் பையனும் அறுபது வயசுக்காரனும் ஒன்றுபோல வெள்ளைத் தலையோடு வீடு திரும்புவார்கள். துளசிமணியின் தலை மட்டும் கறுப்பாகவே இருந்தது. ஆடிக் காற்றில் பறந்து வந்த பஞ்சு அவளுக்கு ஒரு கட்டில் தூரத்தில் தயங்கி, பக்கவாட்டில் திரும்பிப் போயிற்று. அதன் பின்னாலேயே கொசு திரும்பிப் போயிற்று, கக்கூஸ் நாற்றம் திரும்பிப் போயிற்று, வெக்கை திரும்பிப் போயிற்று, கடைசியாகத் தறிச் சத்தமும் திரும்பிப் போயிற்று. தன் அறையில் உட்கார்ந்திருந்த துளசிமணிக்குப் பானைக்குள் தண்ணீர் குளிர்கிற சத்தம்கூடக் கேட்டது. அவள் ஆச்சரியப்படவில்லை. ஜெயிலுக்குள் போகும்போது எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், வெளியே அனுப்பும்போது ஏதேதோ கொடுத்தனுப்புகிறார்கள், இதுவும் அப்படிக் கொடுத்தனுப்பியதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் செய்தது எல்லோருக்கும் தெரியும். புருஷன் ராசுக்குட்டியை அம்மிக் குழவியால் அடித்துக் கொன்றாள். ராசுக்குட்டி ஒரு குடிகாரனாக இருந்திருந்தால் ஊர் அவளை ஆறு மாசத்தில் மன்னித்திருக்கும். அவனோ டீகூடக் குடிக்காதவன். வெள்ளை வேட்டியைத் தவிர வேறு கட்டாதவன், மார்கழி முழுக்க பஜனையில் ஜால்ரா தட்டியவன். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் அவன் என்ன செய்தான் என்பது யாருக்கும் தெரியாது. தறிச் சத்தத்தில் காதில் ஒன்றும் விழவில்லை என்றார்கள். போலீஸ் கேட்டபோதும் அப்படித்தான் சொன்னார்கள், கோர்ட்டில் கேட்டபோதும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த ஊருக்குத் தறிச் சத்தம் சோறு போட்டது. தேவைப்பட்டபோது சாட்சியும் சொன்னது.

வட்டத்தின் அருமையை முதலில் கண்டுபிடித்தது மூன்றாம் வீட்டுக் கோகிலாவின் குழந்தை. பிறந்ததிலிருந்து தறி அதிர்வில் தூங்கத் தெரியாத குழந்தை அது. அம்மா அப்பா ரெண்டு பேரையும் தூங்கவிடாமல், எட்டு மாசமாக அழுதே வளர்ந்தது. ஒருநாள் மத்தியானம் அது தவழ்ந்து தவழ்ந்து துளசிமணியின் வாசல் வரைக்கும் போயிற்று. தேடிக்கொண்டு ஓடிவந்த கோகிலா, வாசலுக்குச் சற்று இந்தப் பக்கம், வெறும் மண்ணில், வாயைத் திறந்துகொண்டு அது தூங்குவதைப் பார்த்தாள். கொலைகாரி ஏதோ செய்துவிட்டாள் என்று அலறப்போனவள், குழந்தையைத் தூக்கக் குனிந்து வட்டத்துக்குள் தலையை நீட்டினாள். அலற மறந்துபோனாள். அவளும் அங்கேயே உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சாய்ந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் அவளைத் தேடிவந்த புருஷன் ரெண்டு பேரையும் எழுப்பாமல் பக்கத்தில் படுத்துக்கொண்டான்.

அப்புறம் ஊர் வந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஆஸ்துமாக்காரர்கள் வந்தார்கள், தறியில் மாற்றி மாற்றி ஷிப்ட் பார்த்துக் கண் எரிகிறவர்கள் பாயும் தலைகாணியுமாக வந்தார்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள் வந்தார்கள், புதிதாகக் கல்யாணமாகி ஒரு வார்த்தை நிம்மதியாகப் பேச இடமில்லாத ஜோடிகள் வந்தார்கள். கொலைகாரியின் பக்கத்தில் போய் உட்காரலாமா என்ற கேள்வியும் கூடவே வந்தது. அதற்கு நாச்சிமுத்துதான் வழி சொன்னார்: முதுகைக் காட்டி உட்கார்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்ததாக ஆகாது. இது எல்லோருக்கும் உடனே புரிந்தது, ஏனென்றால் அந்த லைனில் எத்தனையோ அண்ணன் தம்பிகள் ஒரே சுவரின் ரெண்டு பக்கம் அப்படித்தான் பல வருஷமாகக் குடியிருந்தார்கள். ஆக, சாயங்காலமானால் துளசிமணி தன் வாசல்படியில் உட்கார, அவளைச் சுற்றி வட்டத்தின் ஓரம் முழுக்க ஊர் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. மேலே இருந்து யாராவது பார்த்திருந்தால் அம்மனைச் சுற்றிப் பக்தர்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்திருப்பார்கள், திசை மட்டும் தவறு.

வட்டத்துக்குக் கேடு வந்ததும் கோகிலாவால்தான். பிள்ளை தூங்கிய நன்றியில் அவள் ஒருநாள் கத்திரிக்காய்க் குழம்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுபோய், முதுகைக் காட்டாமல் முகம் பார்த்து நின்று, துளசிமணியின் கையிலேயே கொடுத்து, "உப்புக் கொஞ்சம் தூக்கலா இருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் ஓரத்தில் படுத்திருந்த ஆறு பேரைக் கொசு கடித்தது. வட்டம் ஒரு சாண் சுருங்கியிருந்தது. யார் செய்த வேலை என்று விசாரித்து, குழம்பு விஷயம் வெளியே வந்து, அரசமரத்தடியில் லைன்காரர்கள் கூட்டம் போட்டார்கள். கோகிலா தலைகுனிந்து நின்றாள். ஒருத்தி நல்ல பேர் வாங்க ஊர் முழுக்கக் கொசுக்கடி படுவதா என்று பெண்கள் கேட்டார்கள். நாச்சிமுத்து கோபப்படாமல்தான் பேசினார்.

"அந்தப் பொம்பள மேல நமக்கென்னங்க விரோதம்? ஒண்ணுமில்ல. ஆனா ஊர் நன்மைன்னு ஒண்ணு இருக்குதல்லோ. வெறுப்புன்னாலும் அதுக்குத் தண்ணி ஊத்தணுமுங்க. சும்மா உட்டா வாடிப்போயிரும்."

தண்ணீர் ஊற்ற ஏற்பாடாயிற்று. வாரம் ஒருமுறை, நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த ஒரு மேஸ்திரி ராசுக்குட்டியின் கதையை எல்லோருக்கும் சொன்னார். மறந்துபோனவர்களுக்கு ஞாபகம் வந்தது, புதிதாகக் குடிவந்தவர்களுக்குப் பயம் வந்தது. குழவி என்று தொடங்கிய கதையில் ஆவணி மாசம் அம்மி வந்தது, புரட்டாசி மாசம் ஆட்டுக்கல் வந்தது. ஆட்டுக்கல்லை ஒரு பெண்பிள்ளை தலைக்கு மேலே தூக்க முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வட்டம் சுருங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு கதைக்கும் வட்டம் ஒரு முழம் வளர்ந்து, லைன் வீடுகளின் வாசல் முழுக்கப் பரவி, குழாயடியைத் தாண்டியது. கக்கூசை ஒட்டிய வீடுகளுக்குத்தான் இப்போது கிராக்கி. நாச்சிமுத்து அந்தப் பக்கத்து வாடகையை ஏற்றினார், துளசிமணியிடம் மட்டும் வாடகையே வாங்கவில்லை. அவள் வாசலில் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். வேலைக்கு மட்டும் யாரும் கூப்பிடவில்லை. தறிப் பட்டறைக்கு வந்தால் நாலு பேர் பழகிவிடுவார்கள் என்ற பயம். மாரியம்மன் பண்டிகையின்போது, கோயிலுக்குள் வரக்கூடாது என்று அவளுக்குச் சொல்லியனுப்பிய அதே பெரியவர்கள், கோயில் மதிலுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் வந்து உட்கார முடியுமா என்றும் சொல்லியனுப்பினார்கள். நன்கொடையாளர்களின் நாற்காலிகள் மதிலுக்கு இந்தப் பக்கம் போடப்பட்டிருந்தன, அன்றைக்கு வெயில் கொஞ்சம் கடுமையாக இருந்தது.

துளசிமணி எல்லாவற்றுக்கும் போனாள், வந்தாள், உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அண்ணன் எப்போதாவது வட்டத்துக்கு வெளியே நின்று நலம் விசாரிக்கும்போது அதைக் கேட்பாள். அவன் இன்னும் ஜாதகம் பொருந்தவில்லை என்பான்.

கடைசியில் சிந்துஜாவை அவளிடம் கொண்டுவந்தது அண்ணன் அல்ல, பரீட்சை. தறிச் சத்தத்தில் படிக்க முடியாத காலேஜ் பெண்கள் கூட்டமாகப் புத்தகத்தோடு வட்டத்துக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். சிந்துஜா போகலாமா கூடாதா என்று வீட்டில் பேச்சு வந்தபோது, அமராவதிதான் போகட்டும் என்றாள். பெண் ஃபெயிலாகிவிட்டால் மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்வது? தவிர, முதுகைக் காட்டி உட்கார்ந்தால் பார்த்ததாகாது என்று ஊரே ஒத்துக்கொண்டிருக்கிறது.

அன்று சாயங்காலம் வந்து உட்கார்ந்த பெண்களின் முதுகுகளைத் துளசிமணி வழக்கம்போல வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றில் ஒரு தலையில், உச்சிக்குக் கொஞ்சம் பின்னால், இரட்டைச் சுழி இருந்தது. ஆறு வயசு வரைக்கும் தினமும் காலையில் சீப்போடு அவள் போராடிய சுழி. எந்தப் பக்கம் வாரினாலும் படியாமல் எழுந்து நிற்கிற முடி. இப்போதும் அது எழுந்துதான் நின்றது. துளசிமணி எழுந்து அறைக்குள் போய், கதவுக்குப் பின்னால் நின்று, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். அந்த அமைதியில் ஒரு விம்மல் கேட்டாலும் எல்லோரும் திரும்பிவிடுவார்கள்.

அன்றிலிருந்து துளசிமணி மாறினாள். கூப்பிட்டால் மகள் திரும்பிப் பார்ப்பாளோ, எழுந்து ஓடிவிடுவாளோ, அது தெரியாது. ஆனால் வட்டம் போனால் அந்த முதுகும் போய்விடும் என்பது தெரிந்தது. ஊர் இத்தனை நாள் பாடுபட்டு வளர்த்த கெட்ட பெயரைக் காப்பாற்ற இப்போது அவளும் பாடுபடத் தொடங்கினாள். அரிவாள்மனையை வாசலில் போட்டுக் கல்லில் தீட்டினாள். குழாயடியில் யாராவது இளகின முகத்தோடு பார்த்தால் முறைத்தாள். கோகிலா ஒருநாள் பிள்ளையின் கையைப் பிடித்து அவளுக்கு டாட்டா காட்டவைத்தபோது, "கிட்ட வந்தீன்னா பாரு" என்று பல்லைக் கடித்தாள். கோகிலா அழுதுகொண்டே போனாள், வட்டம் ஒரு முழம் வளர்ந்தது, துளசிமணி உள்ளே போய்த் தலையில் அடித்துக்கொண்டாள்.

சிந்துஜா சத்தம் போட்டுப் படிக்கிறவள். கம்பெனிச் சட்டம், வருமான வரி, தணிக்கை என்று அவள் படிக்கப் படிக்க, துளசிமணிக்குப் பாதிப் பாடம் மனப்பாடமாயிற்று. மகள் ஒரு வரியில் தடுக்கி நின்றால் அடுத்த வார்த்தை இவள் நாக்கு நுனிவரைக்கும் வந்து நிற்கும், விழுங்கிவிடுவாள். இன்னொன்றும் நடந்தது, அதைத் துளசிமணியைத் தவிர வேறு யாரும் கவனிக்கவில்லை. சிந்துஜாவின் பாய் தினமும் கொஞ்சம், ஒரு விரல்கடை, பின்னால் வந்துகொண்டிருந்தது. முதுகு முதுகாகவே இருந்தது. தலை ஒருதரம்கூடத் திரும்பவில்லை. ஆனால் பங்குனி வரும்போது அந்த இரட்டைச் சுழியின் ஒவ்வொரு முடியையும் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. வட்டம் அந்த ஓர் இடத்தில் மட்டும் ஏன் நசுங்கிய ஈயச்சட்டி மாதிரி உள்ளே குழிந்திருக்கிறது என்று லைன்காரர்கள் குழம்பி, மேஸ்திரியை வாரம் ரெண்டுமுறை கதை சொல்லச் சொன்னார்கள்.

பரீட்சை முடிந்த வாரம் ஜாதகம் பொருந்தியது. காங்கயம் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். பெண்ணைப் பார்த்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், பெண்ணின் அம்மா மஞ்சள்காமாலையில் போனதற்கு வருத்தப்பட்டார்கள். எல்லாம் நன்றாகவே நடந்தது. எழுந்திருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா, இந்த ஊரில் கொசு வராத இடம் ஒன்று இருக்கிறதாமே, எங்கள் ஊர் வரைக்கும் பேசிக்கொள்கிறார்கள், அதையும் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றாள். சென்னியப்பன் அமராவதியைப் பார்த்தான். மாட்டேன் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. சம்பந்தி ஆசைப்பட்டதைக் காட்டாமல் அனுப்புகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. பட்டுப் புடவையோடு சிந்துஜாவையும் அழைத்துக்கொண்டு எல்லோரும் வந்தார்கள்.

வாசலில் வழக்கம்போல ஊர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. சென்னியப்பன் முதுகைக் காட்டி உட்கார்ந்தான், அமராவதி உட்கார்ந்தாள், சிந்துஜா தன் வழக்கமான இடத்தில் வழக்கமான திசையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மட்டும் இந்த முறை தெரியாது. அவள் வெளியூர்க்காரி, மனசில் பட்டதைக் கேட்கிறவள். காற்றை ஒருமுறை இழுத்து விட்டுவிட்டு, நேராகத் துளசிமணியைப் பார்த்து நின்றாள்.

"ஏம்மா, உன்ற புருஷனையே அடிச்சுக் கொன்னுட்டியாமே. புள்ளகுட்டி யாருமில்லையா உனக்கு?"

அந்த இடத்தில் சத்தம் இல்லாததால் எல்லாம் கேட்டது. அமராவதியின் வளையல் ஒன்றோடொன்று உரசியது கேட்டது. சென்னியப்பன் எச்சில் விழுங்கியது கேட்டது. துளசிமணி பட்டுப் புடவை கட்டிய முதுகைப் பார்த்தாள். பின்னலில் மல்லிகைப்பூ வைத்து, சுழி முடியை எண்ணெய் தடவிப் படியவைத்திருந்தார்கள்; அது படியவில்லை.

"இல்லீங்க" என்றாள்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லீங்க. இருந்திருந்தா அப்படியொரு காரியத்தப் பண்ணியிருப்பனா?"

மாப்பிள்ளையின் அம்மா நாலடி பின்னால் போனாள். அவளோடு வேனில் வந்தவர்கள் எல்லோரும் பின்னால் போனார்கள். அத்தனை பேர் விலகிய இடமும் ஒன்றாகச் சேர்ந்து, வட்டம் அதுவரை இல்லாத அளவுக்கு விரிந்து, லைன் வீடுகளைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கத்துப் பட்டறைகளுக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த தறிகள் சத்தமில்லாமல் ஓடுவதைப் பார்த்துப் பட்டறை ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். கரட்டுப்புதூர் அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. அந்த அமைதியில் பட்டுப் புடவை சரசரத்தது.

சிந்துஜா எழுந்து திரும்பினாள்.

"அம்முணி, உக்காரு" என்றான் சென்னியப்பன். "அம்முணி, வேண்டாஞ்சாமி" என்றாள் அமராவதி. சிந்துஜா நடந்தாள். ஒரு கால் எடுத்து வைத்ததும் எதிர்ப்பக்கத்துப் பட்டறை இரைந்தது. அடுத்த காலுக்கு ரோட்டில் லாரி கேட்டது. அதற்கடுத்த காலுக்குக் குழாயடி வந்தது, கக்கூஸ் நாற்றம் வந்தது, பஞ்சு வந்தது. துளசிமணி எழுந்து, கையை நீட்டி, வராதே வராதே என்று தள்ளுகிற மாதிரி காட்டிக்கொண்டே பின்னால் போனாள். பின்னால் சுவர் இருந்தது. சிந்துஜா அந்தக் கையைப் பிடித்தாள். ஊரின் எல்லாத் தறிகளும் ஒரே நேரத்தில் துளசிமணியின் காதில் விழுந்தன.

மகள் ஏதோ சொன்னாள். உதடு அசைவது தெரிந்தது, கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா, என்ன சொல்லுது புள்ள, என்ன சொல்லுது என்று பக்கத்தில் இருந்தவர்களைப் பிடித்து உலுக்கினாள், யாருக்கும் கேட்கவில்லை. தறி ஊரில் பேச வேண்டுமென்றால் வாயைக் காதில் வைத்துத்தான் பேச வேண்டும். சிந்துஜா அம்மாவின் தலையை இழுத்து, காதோரம் முடியை ஒதுக்கி, வாயை வைத்துச் சொன்னாள்.

"அன்னிக்குக் கரண்ட் இல்லம்மா. தறி ஓடவே இல்ல. எல்லாருக்கும் கேட்டுச்சு. எனக்கும் கேட்டுச்சு."

பதினான்கு வருஷமாகத் துளசிமணிக்கும் அது தெரியும். சொல்லத்தான் ஒரு காது இல்லாமல் இருந்தது. பக்கத்து வீட்டில் படுக்கவைத்த பிள்ளை தூங்கிக்கொண்டிருந்ததாகவும், அதற்கு மட்டும் எதுவும் தெரியாதென்றும் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அவள் மகளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ரெண்டு பேர் தலையிலும் பஞ்சு விழுந்தது.

மாப்பிள்ளை வீட்டு வேன் சொல்லாமல் கிளம்பியது. அதன் பிறகு ஊர் துளசிமணியைத் திட்ட வந்தது. ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்தார்கள். குழந்தை மறுபடியும் அழுகிறது என்று திட்டினார்கள், மூச்சு வாங்குகிறது என்று திட்டினார்கள், பொது நன்மையைக் குடும்ப விஷயத்துக்காகப் பாழாக்கிவிட்டாள் என்று நாச்சிமுத்து திட்டி, காலையிலேயே வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். தறிச் சத்தத்தில் திட்டுவது கேட்க வேண்டுமே. ஒவ்வொருவரும் அவளுடைய காதருகே வாயைக் கொண்டுவந்து, தோளைப் பிடித்துக்கொண்டு திட்டினார்கள். மேஸ்திரியின் எச்சில் அவள் கன்னத்தில் தெறித்தது. துளசிமணி ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். இவ்வளவு பேர் தன்னிடம் பேசி எவ்வளவு காலமாயிற்று என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். திட்டியவர்கள் பாதியில் நிறுத்திவிட்டுப் போனார்கள்.

அம்மாவும் மகளும் ஒரு பட்டறைக்கு மேலே அறை எடுத்துக்கொண்டார்கள். வட்டம் போய்விட்டதால் துளசிமணி பழகினாலும் இனி நஷ்டமில்லை என்று, அந்தப் பட்டறையிலேயே அவளுக்கு நூல் சுற்றுகிற வேலையும் கிடைத்தது. சென்னியப்பன் ரெண்டு மாசம் பேசாமல் இருந்தான், அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காயோடு வந்தான். சிந்துஜா ஓர் ஆடிட்டரிடம் வேலைக்குப் போனாள். ரெண்டு பேருக்கும் தினமும் எதற்காவது சண்டை வந்தது.

ஊர் ஆறவில்லை. சித்திரை வெயிலில் கொசுவும் பஞ்சுமாகப் புரண்டுகொண்டே எல்லோரும் அந்த வட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். அப்போதுதான் மேற்குத் தெருவுக்காரன் இருசப்பன், அடிதடியில் இன்னொருத்தனுக்கு ஒரு கை போய்விட்ட வழக்கில் உள்ளே போனவன், விடுதலையாகி வருகிறான் என்று செய்தி வந்தது. பெண்டாட்டி எப்போதோ தாய்வீட்டுக்குப் போய்விட்டாள், வேறு ஆளில்லை. நாச்சிமுத்து கக்கூசை ஒட்டிய அறைக்கு வெள்ளையடித்தார். மேஸ்திரி இருசப்பனின் கதையைத் தயார் செய்தார். அதில் ரெண்டு கை போயிருந்தது. அவன் வருகிற அன்று பஸ் நிறுத்தத்தில் ஊர் முழுக்கத் திரண்டு நின்றது. சிலர் பாயைக்கூடச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார்கள்.

பஸ் வந்தது. மஞ்சள் பையோடு ஒரு மெலிந்த மனிதன் இறங்கினான். கட்டளை போட்ட மாதிரி ஊர் ஒரே சீராகப் பத்தடி பின்னால் போனது. பழகிப்போனதால் அழகாகவே போனது. விலகிய இடம் நின்றது, வட்டமாகக் கூடத் தொடங்கியது, முன்வரிசையில் நின்ற ஒருவர் காற்றில் குளிர்ச்சி தெரிகிறதா என்று கையை நீட்டிப் பார்த்தார். இருசப்பன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றான்.

பட்டறையிலிருந்து மகளுக்கு மத்தியானச் சாப்பாடு எடுத்துப்போய்க்கொண்டிருந்த துளசிமணி, தலையெல்லாம் பஞ்சோடு, தூக்குப்போசியோடு, கூட்டத்தைத் தோளால் விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். நாச்சிமுத்து அவள் முந்தானையைப் பிடிக்கப் பார்த்தார், தவறிவிட்டது. அவள் போய் அவன் எதிரில் நின்று, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். தறிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. என்னங்க என்பதுபோல அவன் முகத்தைச் சுருக்கினான். துளசிமணி இன்னும் கொஞ்சம் கிட்டப் போனாள்.